பத்துக் கூடை இலந்தை

எங்கள் அப்பாவின் கடையில் தராசில் ஏறாமல் எதுவும் வாசல் தாண்டியதில்லை. அருப்புக்கோட்டை டவுனில் பருப்பு, வத்தல், புண்ணாக்கு விற்கிற கடை. பக்கத்து வீட்டு அக்கா அவசரத்துக்கு நாலு மிளகாய் வத்தல் கேட்டு வந்தால்கூட, அப்பா சிரித்த முகத்தோடு அதைத் தட்டில் போட்டு, மறு தட்டில் இருப்பதிலேயே சின்ன படிக்கல்லை எடுத்து வைப்பார். கருமி என்று சொல்லிவிட முடியாது. நிறுக்காத பொருள் அவர் கண்ணுக்குப் பொருளாகவே தெரியாது, அவ்வளவுதான். நானும் அப்படியே வளர்ந்தேன். ஒரு கத்தரிக்காயைக் கையில் வாங்கினால் எத்தனை கிராம் என்று உள்ளங்கை தானாகச் சொல்லிவிடும்.

எண்பதுகளின் நடுவில் என்னைத் திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு டவுனில் ஒரு பஞ்சாலையில் மெஷின் பார்க்கிற வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். காடு கரையெல்லாம் மாமனார் பொறுப்பு. நான் வந்த முதல் வாரம், அவர் ஒரு சாக்கு வெள்ளரிக்காயைத் தெருவில் இறக்கி வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை பரபரத்தது.

"மாமா, எல்லாம் சேத்து எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டேவிட்டேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை பேருக்கு வரும்னு கேளுத்தா, சொல்றேன்" என்றார்.

அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்த மனுஷரோடு எனக்கு ஒத்துவராது என்று. ஆனால் பிடிக்காமல் போகவில்லை. அவரைப் பிடிக்காமல் போவது யாருக்கும் லேசில்லை.

அவரிடம் இன்னொரு குணம் உண்டு. சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை டீக்கடைக்காரரோடு ஏதோ வாய்த்தகராறு வந்து, "இனிமே உன் கடைக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து வைக்கவில்லை. தினமும் காலையில் போய்க் கடைக்கு வெளியே ரோட்டில் நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி டீ வாங்கிக் குடிப்பார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு குடிப்பார். "கால்தான வைக்க மாட்டேன்னேன்" என்பார். கடைக்காரரும் கோபம் மறந்து, அவருக்கென்று வாசல் ஓரமாக ஒரு பலகை அடித்து வைத்திருந்தார்.

எங்களுக்குக் கரிசல் மூன்று ஏக்கர், பருத்தியும் கம்பும் மாறி மாறிப் போடுவோம். அதை ஒட்டினாற்போல் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகச் சரளை மண். அதில் யாரும் விதைக்காமல் காட்டு இலந்தை தானாக மண்டிக் கிடந்தது. முள்ளுக்காடு என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பழம் குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரிது, முக்கால்வாசி கொட்டை. அந்தப் பக்கத்தில் இலந்தைக்கு உடைமைக்காரர் கிடையாது. யார் நிலத்தில் நின்றாலும் வழியில் போகிறவர் உலுக்கலாம், பொறுக்கலாம், மடி நிறையக் கட்டிக்கொண்டு போகலாம். முருங்கைக்காய் என்றால் ஒரு வார்த்தை கேட்டுத்தான் பறிப்பார்கள். இலந்தைக்கு யாரும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததும் இல்லை. தடுத்தால் நிலத்துக்காரருக்குத்தான் கேவலம்.

அந்த முள்ளை டிராக்டர் வைத்து வேரோடு பிடுங்கி, சரளையைக் கிளறி, அதையும் பருத்திக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மாமாவுக்கு நெடுநாள் ஆசை. அந்தச் சித்திரைக்கு டிராக்டர்கூடச் சொல்லி வைத்திருந்தார். நடுவில் புகுந்து கெடுத்தவள் நான்.

மாசி மாதம் டவுனில் ஒரு விவசாயக் கண்காட்சி போட்டிருந்தார்கள். நான் விவசாயம் பார்க்கப் போகவில்லை, டெல்லி அப்பளம் தின்னத்தான் போனேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே வந்தவள் ஒரு மேசைக்கு முன்னால் நின்றுவிட்டேன். தட்டில் பச்சையும் மஞ்சளுமாக, கோழி முட்டைப் பருமனில் பழங்கள்.

"என்ன பழம்ங்க, புது மாதிரிக் கொய்யாவா?"

"இலந்தைம்மா" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த தோட்டக்கலைக்காரர்.

என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். நாற்பது கிராம் என்றது உள்ளங்கை. கடித்தேன். கறுக்கென்றது. சாறும் இனிப்புமாக வாய் நிறைந்தது. கொட்டை உள்ளே எங்கோ ஓரமாகத்தான் இருந்தது.

"எங்க ஊர்ல இந்த முள்ளு ஒரு காடே நிக்குதுங்க" என்றேன்.

"காடே நிக்குதா? அப்ப வேருக்கு நீங்க அலைய வேண்டாம். மழையும் உரமும் இல்லாம அது தானா வாழும். தலைய மட்டும் மாத்திக் கட்டுனாப் போதும்" என்றார் அவர். காட்டுச் செடியை வெட்டிவிட்டு, அதன் புதுத் தளிரில் இந்த நல்ல ஜாதியின் மொட்டை ஒட்ட வைப்பதுதான் அவர் சொன்ன தலைமாற்று.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே இலந்தை முள் தெரிகிற இடமெல்லாம் எனக்குக் கூடை கூடையாகத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் வீட்டு வாசல் வரைக்கும்தான் நின்றது.

"இலந்தப் பழத்த யாருத்தா காசு குடுத்து வாங்குவா?" என்றார் மாமா.

சரி, நம் அப்பாவாவது புரிந்துகொள்வார் என்று மறு வாரம் கடைக்குப் போய்ச் சொன்னேன். "இலந்தப் பழத்த யாரும்மா காசு குடுத்து வாங்குவா?" என்றார் அப்பா. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

நான் விடவில்லை. சோறு போடும்போது சொன்னேன், தண்ணீர் கொடுக்கும்போது சொன்னேன். அத்தை, அதாவது என் மாமியார், "இவ வாய அடைக்கவாவது ஒரு வழி சொல்லுங்களேன்" என்று அலுத்துக்கொண்டார். கடைசியில் மாமா டீக்கடை வாசலில், நாலு பேர் கேட்க, தீர்ப்புச் சொல்லிவிட்டார். டிராக்டர் இப்போது வேண்டாம். மருமகள் முள்ளுக்குத் தலை மாற்றட்டும். "காசுக்குப் பத்துக் கூடை வித்துக் காட்டட்டும். காட்டலேன்னா நானே கடப்பாரை எடுத்து வேரோட பிடுங்கிப்புடுவேன்."

சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்கும் தெரியும், அந்த நாலு பேருக்கும் தெரியும்.

சித்திரையில் புதர்களையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம். வெட்டிய முள்ளையே சுற்றிலும் வேலியாகப் போட்டோம், ஆட்டுக்கு இலந்தைத் தளிர் என்றால் உயிர். கோடை மழை ஒன்று விழுந்ததும் கட்டைகளிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர் கிளம்பியது. கட்டைக்கு ஒன்றோ இரண்டோ விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப்போட்டேன். ஆவணியில் அது பென்சில் பருமனுக்கு வந்தபோது தோட்டக்கலைக்காரர் மொபெட்டில் வந்தார். பின்னால் ஈரச்சாக்கில் சுற்றிய நல்ல ஜாதிக் குச்சிகள். பட்டையில் ஒரு கீறல் போட்டு, நகக்கண் அளவு பட்டையோடு எடுத்த மொட்டை உள்ளே செருகி, மொட்டின் மூக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பாலிதீன் பட்டையால் சுற்றிக் கட்ட வேண்டும். நாலு மரம் அவர் கட்டிக் காட்டினார். ஐந்தாவதிலிருந்து நான் கட்டினேன். என் கைகளில் முள் குத்தாத இடம் இல்லை. அத்தை ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "கடைக்காரர் மக கையி இப்பத்தான் சம்சாரி கையா இருக்கு" என்று சிரிப்பார். சம்சாரி என்றால் அந்தப் பக்கம் விவசாயி.

மாமா வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்தார். "ஏத்தா, முள்ளுக்குக் கட்டுப் போடுறியே, ஊசியும் போடுவியா?" என்று கேட்டார். ஊரில் அந்த இடத்துக்கு ஆஸ்பத்திரி என்றே பெயர் வந்துவிட்டது. "உங்க மருமக ஆஸ்பத்திரில இருக்காக" என்று யாரோ சொல்லப்போய், வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர் பதறிப்போய் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்த கதையும் உண்டு. ஆரஞ்சு நன்றாக இருந்தது.

இருபது நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கட்டிய நாற்பது மரத்தில் முப்பத்தொன்றில் மொட்டு பச்சையாக இருந்தது. அந்த முப்பத்தொன்றும் என் பிள்ளைகள். ஒட்டுக்குக் கீழே காட்டுத் தளிர் கிளம்பினால் அது நல்ல தலையைத் தின்றுவிடும் என்று, தினம் ஒரு சுற்றுப் போய் அதைத் தேய்த்துவிட்டு வருவேன். அடுத்த வருஷம் ஆவணி கழிந்து புரட்டாசியில் பூ வந்தது. இலந்தைப் பூவுக்கு வாசனை என்று சொல்ல மாட்டேன், ஈ மொய்க்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நான் பிடிக்காமலே நின்றேன். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகையில் காய் கோலிக்குண்டு அளவு, மார்கழியில் எலுமிச்சை அளவு. கிளைகள் பாரம் தாங்காமல் தரையைத் தொட்டன. உள்ளங்கையால் நிறுத்து, மரத்துக்கு மரம் எண்ணிப் பார்த்தேன். பதினொரு கூடைக்குக் குறையாது.

இங்கேதான் நான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். வேலிக்கு வெளியே நின்ற மாமா எப்போது வேலிக்கு உள்ளே வந்தார் என்பதை.

முதலில் சும்மா வந்து பார்த்தார். பிறகு காலையிலும் மாலையிலும் வந்தார். ஒரு பழத்தைக் கிளையோடு கையில் ஏந்திக்கொண்டு, "ஏய், இது இலந்தையாடா!" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்ததை நானே பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்த்துப் பேசிய மனுஷர் இப்படி மயங்கிப்போய் நிற்கிறாரே என்று உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் புத்தி மழுங்கிவிட்டது.

தையில் என் தங்கச்சிக்கு டவுனில் கல்யாணம் வைத்தார்கள். அப்பா வீட்டுக்குப் பத்து நாள் முன்னாலேயே நான் போக வேண்டியிருந்தது. பழம் மஞ்சள் ஏறி வருகிற நேரம். திரும்பி வந்ததும் பறிப்பு. அப்பா கடையில் முன்பக்கம் இடம் ஒதுக்கிக் கொடுக்க ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்.

"மாமா, யாரையும் உள்ள விட்றாதீக" என்றேன் கிளம்பும்போது.

"நான் இருக்கேன்ல, போயிட்டு வாத்தா" என்றார்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் மாமா வந்து இறங்கினார். இரண்டு தோளிலும் இரண்டு பெரிய பைகள். பந்திக்குப் போகிறவர்களையும் கை கழுவ வருகிறவர்களையும் நிறுத்தி நிறுத்தி, "இலந்தங்க, எங்க மருமக வச்ச மரம்" என்று ஆளுக்கு இரண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மண்டபமே கறுக் கறுக்கென்று மென்றது. மணமேடையில் மாப்பிள்ளைகூட ஒன்றைக் கடித்துவிட்டார். வீரசோழனிலிருந்து வந்திருந்த அப்பாவின் சிநேகிதர், அங்கே பெரிய கடை வைத்திருக்கிற பாய், மூன்றாவது பழத்தைத் தின்றுவிட்டு, "இது எங்க கிடைக்கும்?" என்று விசாரித்தார். அப்பா ஒரு பழத்தை ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார். அதைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். இரண்டு பைதானே என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்து முள்ளுக்காட்டுக்கு ஓடினேன். மரங்கள் கிளை நிமிர்ந்து லேசாக நின்றன. ஒரு மரம், இரண்டு மரம், பத்து மரம், எல்லாம் அப்படித்தான். உச்சிக்கிளையில் கை எட்டாத இடத்தில் நாலு பழம், அடியில் ஈ குத்தின சொத்தை நாலு பழம். யாரும் திருடவில்லை. என் மாமனார் ரோட்டோரம் நின்று, திருச்சுழி போகிற பஸ், நரிக்குடி போகிற பஸ், சைக்கிளில் போகிற ஆள், மாட்டு வண்டி எல்லாவற்றையும் நிறுத்தி, "ஒண்ணு தின்னு பாருங்க, இலந்தன்னு சொன்னா நம்ப மாட்டீக" என்று பத்து நாளாக அள்ளிக் கொடுத்திருக்கிறார். கண்டக்டருக்கு ஒரு பை, வாத்தியாருக்கு ஒரு பை, தான் கால் வைக்காத கடையின் டீக்கடைக்காரருக்கும் ஒரு பை. மிச்சத்தைப் பறித்துச் சேர்த்ததில் ஒன்றரைக் கூடை தேறியது.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"பத்துக் கூடை வித்துக் காட்டுன்னு நீங்கதான சொன்னீக? எங்க, மாமா, பத்துக் கூடை? ஊரு வயித்துலயா?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கும் உறைத்தது போல. கொடுக்கிற நேரத்தில் கூடைக் கணக்கு அவருக்கு நினைவிலேயே இல்லை. நல்ல பொருள் கையில் இருக்கிறது, எதிரே ஒரு ஆள் வருகிறார், அதற்கு மேல் அவருக்கு யோசிக்கத் தெரியாது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

பங்குனியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். சண்டை என்று யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் ஆலை விட்டதும் சாயங்காலம் வந்து காபி குடித்துவிட்டுப் போவார். "மாமா எதுவும் சொன்னாரா?" என்று கேட்பேன். "ஒண்ணும் சொல்லல. நேத்து கடப்பாரையத் தேடிக்கிட்டு இருந்தாரு" என்றார் ஒருநாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேர் முன்னால் சொன்ன சொல். டீக்கடை விஷயத்திலேயே அத்தனை வருஷமாக மழையில் நிற்கிறவர்.

சித்திரை பிறந்ததும் பொறுக்க முடியாமல் பஸ் ஏறினேன். ஊருக்கு முந்தின திருப்பத்தில் ஜன்னல் வழியாகவே எங்கள் முள்ளுக்காடு தெரியும். திருப்பம் வந்தது. ஒரு பச்சை இல்லை. காடே மொட்டையாகக் கிடந்தது. வெட்டிய கிளைகள் ஓரத்தில் மலையாகக் குவிந்திருந்தன. பஸ்ஸில் எல்லோரும் பார்க்க நான் அழுதேன். வெட்கப்படவில்லை. முப்பத்தொரு மரத்தையும் என் கையால் வளர்த்திருக்கிறேன், எதற்கு வெட்கம்?

இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே காட்டுக்குப் போனேன், இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று. மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு கட்டையின் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் கடப்பாரை இல்லை. ஒரு சின்ன ரம்பமும், மண்சட்டியில் கரைத்த சாணியும் இருந்தன.

கிட்டப் போய்ப் பார்த்தேன். எந்த மரமும் வேரோடு போகவில்லை. ஒட்டுக்கு மேலே ஒரு முழம் விட்டு, கிளைகளைச் சாய்வாக, பிசிறில்லாமல் அறுத்திருந்தது. ஒவ்வொரு வெட்டிலும் சாணிப் பூச்சு. ஒட்டுக்குக் கீழே ஒரு காட்டுத் தளிர்கூட இல்லை. காய்த்த மரத்தைச் சித்திரையில் இப்படி மொட்டையாகக் கவாத்துப் பண்ணினால்தான் அடுத்த தைக்குப் புதுக் கிளையில் காய்க்கும் என்று தோட்டக்கலைக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். இதை இவருக்கு யார் சொன்னது?

"டவுனுக்குப் போயி அந்த மொபெட்டுக்காரரப் பாத்துக் கேட்டுட்டு வந்தேன்" என்றார் மாமா, ரம்பத்தை நிறுத்தாமலே. "கடப்பாரை வேலிக்குக் குழி போடத்தா. எதுக்கு இப்படிப் பாக்குற?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "பத்துக் கூடை விக்கலேன்னா பிடுங்கிருவேன்னு சொன்னீகளே" என்றேன்.

"சொன்னேன். எந்த வருசம்னு சொன்னனா?" என்றார். பிறகு ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விக்க விடாதது நானுத்தா. உம்மேல என்ன குத்தம் இருக்கு? என் கையி சும்மா இருக்காது, அது எனக்கே தெரியும். வார பொங்கலுக்கு மகளுக்குச் சீர் கொண்டுபோறேன்ல, அப்படியே ரெட்டியபட்டியிலயே இருந்துக்கிறேன். பத்தாவது கூட வித்த பெறகுதான் ஊருக்குள்ள வருவேன். சொன்னா சொன்னதுதான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த தைப்பொங்கலுக்குக் கரும்பும் பானையும் அரிசியும் எடுத்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டியில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போன மனுஷர், சீரைக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். போகும்போது முள்ளுக்காட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாகப் போனார் என்று அத்தை சொன்னார். மரங்கள் முந்தின வருஷத்தைவிட அதிகமாகக் காய்த்திருந்தன.

வாரத்துக்கு இரண்டு பறிப்பு. கூடையில் வேப்பிலை பரப்பி, பழத்தை அடுக்கி, மேலே சாக்குப் போட்டுத் தைத்து, பஸ் மேலே ஏற்றி நானே கொண்டுபோவேன். கண்டக்டர் லக்கேஜ் போடும்போது, "உங்க மாமனார் போன வருசம் குடுத்தாகளே, அந்தப் பழமா?" என்று கேட்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டார். அப்பா கடையில் முதல் கூடை மத்தியானத்துக்குள் தீர்ந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் தங்கச்சி கல்யாணத்தில் தின்றவர்கள். வீரசோழன் பாய் ஆள் அனுப்பி இரண்டு கூடை எடுத்தார், மறு வாரம் இன்னும் இரண்டு. "உங்க மாமனார் எனக்காக ஊரெல்லாம் மாதிரிப் பழம் காட்டி வச்சிருக்காரும்மா" என்றார் அப்பா. அப்பா வாயால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது கூடை போய்விட்டது. பத்தாவது கூடையை அப்பா கடை வாசலில் பிரித்து வைத்த அன்று, ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று எட்டி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. மாமா. ரெட்டியபட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். மூன்று வாரத்தில் ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். ரோட்டைத் தாண்டி வந்து, மற்ற ஆட்களோடு ஆளாக வரிசையில் நின்றார்.

"எத்தனையாவது கூட?" என்று என்னிடம் கேட்டார்.

"பத்து மாமா."

"அப்ப அதக் கூடையோட எனக்கு நிறுங்க" என்றார் அப்பாவிடம், வேட்டி மடிப்பை அவிழ்த்துப் பணத்தை எடுத்துக்கொண்டே.

அப்பா பதறிப்போனார். "என்ன சம்பந்தி, உங்க காட்டுச் சரக்குக்கு நீங்க காசு குடுக்குறதா? எடுத்துட்டுப் போங்க, உங்க பழந்தான!"

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. என்னைப் பெற்று இருபத்தைந்து வருஷத்தில் அப்பா ஒரு பொருளை நிறுக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொன்னது அன்றைக்குத்தான்.

மாமா விடுவாரா? "நல்லா இருக்கே. சும்மா குடுத்தா அது வித்ததா ஆகுமா? தராசுல ஏத்துங்க. ஒரு கிராம் கூடக் கொறைய இருக்கக் கூடாது" என்று சத்தம் போட்டார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா வேறு வழியில்லாமல் நிறுத்தார். அப்பா கொசுறாக இரண்டு பழத்தை மேலே வைத்ததையும் மாமா எடுத்துத் திருப்பி வைத்துவிட்டார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "பத்தா?" என்றார்.

"பத்து மாமா" என்றேன்.

சாயங்கால பஸ்ஸுக்கு இரண்டு பேருமாகப் போனோம். கூடையை அவரே தலையில் சுமந்து வந்தார். நான் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி டவுனைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து கறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்த்தேன். மாமா கூடையின் சாக்கைப் பிரித்துவிட்டார். இருக்கை இருக்கையாக, "எங்க மருமக வச்ச மரம்" என்று கொடுத்துக்கொண்டே முன்னால் வந்துகொண்டிருந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு மென்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை எனக்குக் கை பரபரக்கவில்லை. அது அவர் காசு கொடுத்து வாங்கிய பழம், அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

என் இருக்கைக்கு வந்ததும் கூடையில் துழாவி, இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாத்தா, ஒண்ணு தின்னு பாரு. இலந்தன்னு சொன்னா நம்ப மாட்ட."

வாங்கினேன். ஐம்பது கிராமுக்கு மேலேயே இருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஈ குத்தியதும் அடிபட்டதும் தவிர, என் மரத்துப் பழத்தில் நல்லதாக ஒன்றைக்கூட இரண்டு வருஷமாக நான் வாயில் வைத்ததில்லை. விற்கிற சரக்கு என்று விட்டுவிட்டேன்.

மாமா அடுத்த இருக்கைக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். நான் கடிக்கிற வரைக்கும் அவர் போக மாட்டார் என்று தெரிந்தது. கடித்தேன்.